இரும்புக்கால் சங்கத்தில் ஒரு பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரில் எல்லோருக்கும் முதுகை நீட்டிப் படுக்கிற நாள். பல்செட்காரருக்கு மட்டும் அது முழங்காலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற நாள்.

விடிந்தும் விடியாததுமாக எழுந்து, கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கிற அந்த இரும்பு மலை மாதிரி மோட்டார் சைக்கிளை உதைக்கத் தொடங்குவார். முதல் உதைக்கு அது இருமும். அடுத்த உதைக்குத் தும்மும். அப்புறம் கொஞ்ச நேரம் செத்ததுபோல் நடிக்கும். எதிர்வீட்டில் ஜன்னலை அறைந்து சாத்துகிற சத்தம் கேட்கும். அவர் மனைவி கதவில் சாய்ந்தபடி, "அதை எதுக்குங்க இந்த உதை உதைக்கிறீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். அவர் அடுத்த உதைக்குக் காலைத் தூக்குவார். பேச மூச்சு இருக்காது.

இத்தனைக்கும் அந்த வண்டியில் ஒரு பொத்தான் உண்டு. வலது கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரலுக்கு எட்டுகிற தூரத்தில். அதை அமுக்கினால் வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிடும். வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. பின் தெருவில், அவரோடு ஞாயிறுதோறும் வண்டி ஓட்டப் போகிற வக்கீல் குடியிருந்தார். ஸ்டார்ட்டர் முனகுகிற சத்தம் வக்கீல் காதில் விழுந்தால் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

டீக்கடை பெட்ரோல் பங்கை ஒட்டி இருந்தது. தகரக் கூரைக்கு அடியில் இரண்டு பெஞ்சுகள். உள் பெஞ்சு, வண்டியைக் காலால் உதைத்தே கிளப்புகிற இரும்புக்கால் சங்கத்துக்கு. வெளி பெஞ்சு மற்ற ஜனங்களுக்கு, அதாவது ஸ்கூட்டர்காரர்களுக்கும், மைலேஜ் வண்டிக்காரர்களுக்கும், வீடு வீடாகப் பார்சல் போடுகிறவர்களுக்கும். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் வெளி பெஞ்சு ஆள் ஒருவரும் தப்பித்தவறிக்கூட உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. மழைக்கு ஒதுங்கினால்கூட நின்றுகொண்டே ஒதுங்குவார்கள்.

உள் பெஞ்சிலும் எல்லோரும் ஒன்றில்லை. உதைத்தால் மட்டுமே கிளம்புகிற பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சுவரோரம் சாய்ந்து உட்காரலாம். உதையும் பொத்தானும் இரண்டும் இருக்கிற வண்டிக்காரர்கள் விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம், பொத்தானைத் தொடுவதில்லை என்ற பேச்சின் பேரில். உதைக்கிற கம்பியே இல்லாத புது வண்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் மிக்ஸி. எவனாவது எல்லோர் முன்னாலும் பொத்தானை அமுக்கிவிட்டால், அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவன் செலவு, அவனுக்குப் பெயர் 'பட்டன்', இடம் வெளி பெஞ்சு. வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள், வியாபாரம் பார்க்கிறவர்கள், கோர்ட்டில் வாதாடுகிறவர்கள் கூடிப் போட்ட சட்டம் இது. சிரிக்காமல் போட்டார்கள்.

சங்கத்துக்குத் தலைவர் மரக்கடைக்காரர். சங்கம் தொடங்கியதே அவர்தான். தேக்குக் கட்டையில் கடைந்தெடுத்தது மாதிரி ஆள். அவர் வண்டியில் பொத்தானே கிடையாது, பழையதிலும் பழையது. டீ குடித்து முடித்ததும் அவர் முதலில் உதைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள். ஒரே உதையில் கிளப்பிவிட்டு அவர் திரும்பிப் பார்க்கிற பார்வைக்காகவே பாதிப் பேர் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

பல்செட்காரர் ஏன் போனார் என்று கேட்டால், அவரிடம் சொல்ல உருப்படியான காரணம் இல்லை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அச்சு வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். தலைமுடியெல்லாம் வெள்ளை மாவு. வாரம் முழுக்க யார் வாயிலோ உட்காரப்போகிற பற்களோடு தனியாகக் கிடக்கிறவருக்கு, முழுப் பற்களோடு சிரிக்கிற நாலு பேருக்கு நடுவில் உட்கார வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அவர்களும் "வா பல்லு" என்று கூப்பிட்டு விளிம்பில் இடம் கொடுத்தார்கள். ஒரு வருஷமாக விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கத்தில் பாதிதான் பெஞ்சில் இருக்கும்.

இதற்குள் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இன்னும் கொஞ்சம்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் போச்சுன்னா ஆபரேஷன். மாசக்கணக்குல கால ஊனக்கூடாது" என்றார். பல்செட்காரருக்கு ராவுகிற மோட்டாரை ஓட்டுவதே வலது கால் பெடல்தான். கால் போனால் பிழைப்பு போச்சு. டாக்டரிடம் வண்டியைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. மனைவியிடம் படியில் சறுக்கியதாகச் சொல்லிவைத்தார். அவள் தினமும் தைலம் தேய்த்துவிட்டாள், படியையும் கழுவிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கம் வண்டியில் போகப்போகிற மலைப் பயணத்துக்கு யார் யார் என்று மரக்கடைக்காரர் சொல்வதாக இருந்தது. போகிறவர்களுக்கு முதுகில் சங்கத்தின் முத்திரை தைத்த ஜாக்கெட் உண்டு. அது கிடைத்துவிட்டால் விளிம்பை விட்டுக் கொஞ்சம் உள்ளே நகரலாம். பல்செட்காரருக்கு அது வேண்டியிருந்தது. கால் வேண்டும் என்பது தெரிந்தும் அதுவும் வேண்டியிருந்தது. இந்த அசிங்கத்தை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம், இரவல் வாங்கிய ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார். கேட் திறந்திருந்தது. வண்டிக் கொட்டகைக்குள் விளக்கு எரிந்தது. கூப்பிட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மரக்கடைக்காரர் வண்டிமேல் உட்கார்ந்து, ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கை பெட்ரோல் டாங்குக்கு அடியில் எதையோ தேடியது. தேடியது கிடைத்ததும் ஸ்டார்ட்டர் முனகியது. வண்டி கிளம்பியது. இரண்டு கால்களும் தரையில் இருந்தன.

"வேலை செய்யுதா?" என்றாள் பக்கத்தில் தைலப் புட்டியோடு நின்ற அவர் மனைவி.

"செய்யுது. வெளிய தெரியாத மாதிரி மெக்கானிக் வெச்சுக் குடுத்திருக்கான்."

"இப்படிக் களவாணித்தனம் பண்ணி ஓட்டணுமா?"

"சும்மா இரு. டீ குடிச்சிட்டுக் கிளம்புறப்ப இஞ்சின் சூடா இருக்கும், ஒரு உதை சமாளிச்சுக்குவேன். மத்த நேரத்துக்குத்தான் இது."

பல்செட்காரர் ஸ்பேனரைக் கேட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நடந்தார். குஷி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருஷமாக இந்த மனுஷனைப் பார்த்துத்தானே உதைத்தோம் என்று நினைத்தபோது காலைவிட மனசு களைத்துப்போனது.

மறுநாள் காலையில் மழை. தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஓயட்டும் ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்ததில் டீக்குமேல் டீயாகப் போனது. வெளியே வண்டிகள் நனைந்து, இஞ்சின்கள் சில்லிட்டுப்போயின. மழை விட்டதும் மரக்கடைக்காரர் எழுந்தார்.

"கிளம்பலாம். மலைக்கு யாருன்னு வண்டியக் கிளப்பிட்டுச் சொல்றேன்."

உதைத்தார். வண்டி அசைந்துகொடுக்கவில்லை. மறுபடியும் உதைத்தார். தொண்டையைச் செருமிவிட்டு அடங்கியது. எல்லோரும் தங்கள் வண்டிகள்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள், தலைவர் கிளப்பாமல் யாரும் கிளப்பக்கூடாதே. அடுத்த உதைக்கு மரக்கடைக்காரரின் முகம் சாம்பல் நிறமானது. வெளி பெஞ்சில்கூடப் பேச்சு நின்றுவிட்டது.

"என்னண்ணே, வண்டிக்கு வயசாயிடுச்சா, இல்ல..." என்று இழுத்தார் வக்கீல். முடிக்கவில்லை. தலைவர் பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மரக்கடைக்காரரின் கை டாங்குக்கு அடியில் போவதைப் பல்செட்காரர் பார்த்தார். போன கை திரும்பி வந்தது. இந்த அமைதியில் ஸ்டார்ட்டர் முனகினால் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். மறுபடியும் உதைப்பதற்குக் காலைத் தூக்கினார் மனுஷர். தூக்கிய கால் பாதியில் நின்றுவிட, கை இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

பல்செட்காரருக்குப் பொறுக்கவில்லை. இரக்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அலுப்பு. போதும்டா சாமி என்று இருந்தது. கட்டைவிரலை நீட்டி, ஒரு வருஷமாகத் தொடாத அந்தப் பொத்தானை அமுக்கினார்.

வண்டி உடனே கிளம்பியது. வேண்டுமென்றே முறுக்கி உறும விட்டார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் வெடித்தது பாருங்கள். "பட்டன்! பட்டன்!" என்று ஒருவர் டாங்கில் தாளம் போட்டார். இன்னொருவர் விசில் அடித்தார். வக்கீல் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்த அமளிக்குள், யார் கவனமும் இல்லாத ஒரு நொடியில், மரக்கடைக்காரரின் வண்டியும் கிளம்பியது. அவர் பூட்ஸ் இரண்டும் ஈரத் தரையில் பதிந்திருந்ததைப் பார்த்தவர் பல்செட்காரர் ஒருவர்தான்.

இருவர் கண்ணும் சந்தித்தன. ஒரு தலையசைப்பு வரும் என்று பல்செட்காரர் எதிர்பார்த்தார். சின்னதாகப் போதும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

மரக்கடைக்காரர் பார்வையை விலக்கிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களாடா கூத்த! நான் ஒருத்தன் மழையில நனஞ்ச வண்டியோட மல்லுக்கட்டிக் கிளப்புறேன், இவரு சுகமா விரலை வெச்சு அமுக்குறாரு! பல்லு, உனக்கு மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். டீக் காசக் குடுத்துட்டு அந்த பெஞ்சுல போய் உக்காரு."

சொல்லிவிட்டு முன்னால் போனார். மற்றவர்கள் தம் தம் என்று உதைத்துக் கிளப்பிக்கொண்டு பின்னால் போனார்கள். பல்செட்காரருக்கு வந்தது கோபம்தான். ஆனால் கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

டீக் காசைக் கொடுத்துவிட்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பார்சல் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். மடியில் பார்சல் பை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த வண்டிய இங்க நிறுத்துனீங்கன்னா எங்க வண்டிங்கள எடுக்க முடியாது."

"இதோ எடுத்துடறேன்மா."

"அதோட, இந்த ஓரம் பார்சல்காரங்களுக்கு. சொந்த வேலையா வர்றவங்க அந்தப் பக்கம் உக்காருவாங்க."

அவர் எழுந்துகொண்டார். பாதி டீ தம்ளரிலேயே இருந்தது.

வீட்டு வாசலில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வந்துவிட்டாரே என்று பார்த்தாள். ஏறுவழியில் நிறுத்தியதில் வண்டி அணைந்துவிட்டது. வாசல் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அவர் பழக்கத்தில் காலைத் தூக்கினார், அப்புறம் இறக்கினார், பொத்தானை அமுக்கினார்.

மனைவியின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது.

"இது எப்ப வெச்சீங்க?"

"வாங்குறப்பவே இருந்துச்சு."

"அப்ப படியில சறுக்குனது?"

"சறுக்கல."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் கத்தவில்லை. "தினமும் அந்தப் படியத் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன்" என்றாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். "இதை அமுக்கிட்டுப் போயிருந்தா யாரு உங்கள என்ன பண்ணியிருப்பாங்க?"

அவருக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. இன்றைக்குப் பண்ணிவிட்டார்கள். வெளி பெஞ்சு, அரை தம்ளர் டீ. அவ்வளவுதானா என்று யோசித்தபோது சொல்லவே கூசியது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வார்த்தை குறைந்திருந்தாலும் தேய்ப்பது நிற்கவில்லை. போன் அடித்தது.

"பல்லு, நான்தான். கோவமா இருக்கியா?" மரக்கடைக்காரர் குரல் தணிந்திருந்தது. "நாளைக்கு வா. உனக்கு உள்ள இடம் இருக்கு. விளிம்புல வேணாம், என் பக்கத்துலயே. மலைக்கும் வா, ஜாக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்."

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. வண்டிய என் வண்டியோட ஒட்டி நிறுத்து. நான் உதைக்கிற நேரத்துல நீ பாட்டுக்கு உன் பட்டன அமுக்கு. இடுப்பு சுத்தமா முடியலடா. பசங்க கொஞ்சம் சிரிப்பாங்க, அதோட விட்டுடுவாங்க. உனக்கென்ன, ஏற்கனவே சிரிச்சாச்சு."

வர்றேண்ணே என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அதுதான் கொடுமை. அவமானப்படுத்தியவன் கூப்பிடுகிறான், அடுத்த வாரமும் அவமானப்படக் கூப்பிடுகிறான், அதற்கும் உள்ளே ஏதோ ஒன்று வாலாட்டுகிறது. அந்த வால்மேல் அவருக்கு வந்த வெறுப்பு மரக்கடைக்காரர்மேல்கூட வரவில்லை.

"யாருங்க?" என்றாள் மனைவி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"மரக்கடைக்காரர்."

"என்னவாம்?"

"இடுப்பு வலியாம்."

அவள் புட்டியைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் அதிலிருந்த தைலத்தின் பெயரைப் போனில் நிதானமாகப் படித்தார். "ராத்திரி தேச்சுட்டுப் படுங்கண்ணே, கேக்கும். நாளைக்கு நான் தூங்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அடித்தால் எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று பயமாக இருந்தது. மனைவி அதைப் புரிந்துகொண்டவள்போல் போனை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறு காலையும் நீட்டச் சொன்னாள்.