மூச்சு விடும் பெட்டி

வேலை தெரிந்தவனுக்கு ஊரில் வேலை இல்லாமற் போவது போல ஒரு கொடுமை உண்டா? புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் றஊபுக்கு எண்பத்தோராம் ஆண்டு அதுதான் நடந்தது. சவூதிக்கும் டோஹாவுக்கும் போனவர்கள் புத்தம் புதுக் கெஸட் ரேடியோக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தச் சாமான்கள் இலேசில் பழுதாகவில்லை. பழுது பார்க்கிறவன் ஈ ஓட்டி ஈ ஓட்டிச் சலித்து, கடைசியில் தானும் சவூதிக்கே போவதென்று பாஸ்போர்ட் எடுத்துவிட்டான்.

அவன் மனைவி நூரியாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. கலியாணம் முடித்து ஒன்றரை வருஷம். சவூதி ஒப்பந்தமோ இரண்டு வருஷம். "கூட இருந்த காலத்த விடப் பிரிஞ்சி இருக்கிற காலம் கூடவா? இது என்ன கணக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுதால் சவூதிக்கு ஆள் அனுப்பும் ஏஜன்சிக்காரனா மனம் மாறுவான்? அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து கையெழுத்து வைக்கும்படி அவன் சொல்லியனுப்பியிருந்தான்.

இந்த நேரத்தில்தான் ஸம்சுதீன் நானா கடைக்கு வந்தார். கேகாலை ரோட்டில் மூன்று வேன் ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் கூட, ஆனால் சொன்ன சொல் மாறாதவர். அந்த ரோட்டில் போட்டிக்கு ஓடும் வேன் ஒன்றில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்து அதிர அதிரப் பாட்டுப் போடுகிறார்களாம். சனங்கள் இவருடைய வேனை விட்டுவிட்டு அதற்குக் காத்து நிற்கிறார்களாம்.

"அவன்ட பெட்டி ரெண்டு சீட்ட முழுங்கிட்டு ஈக்கி. எனக்கு ஒரு சீட்டும் தர ஏலாது. கோழிக்கூடு வைக்கிற இடம் கூடத் தர ஏலாது. ஆனா நெஞ்சு அதிர வேணும்," என்றார்.

"அப்ப எங்க நானா வைக்கிற? கூரைக்கு மேலயா?" என்றான் றஊப்.

"அதத் தெரிஞ்சா நான் ஏன் ஒன்கிட்ட வாறேன்? சனிக்கிழம ஓட்டிப் பாப்போம். சரிவந்தா மத்த ரெண்டு வேனும் ஒனக்கு. பொறகு இந்த ரோட்டுல ஓடுற எல்லாரும் ஒன்ட கடைக்குத்தான் வருவானுகள். சரிவராட்டி சும்மா பெட்டி கிட்டின்னு என்ட மண்டையக் கழுவப்படாது."

கடையோடு ஒட்டிய வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த நூரியாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தச் சனிக்கு அடுத்தநாள் கழிந்தால் கொழும்புத் திங்கள். அல்லாஹ் ஒரு கதவைத் திறந்திருக்கிறான், இந்த மனிதன் அதற்குள் நுழைவானா என்றுதான் அவள் நினைத்தாள்.

வேனில் மிஞ்சியிருந்த ஒரே இடம் பின்சீட்டுக்கு அடி. அதுவும் ஒழுங்கான இடமா? ஒரு பக்கம் டயரின் மேடு முட்டிக்கொண்டு நின்றது. தரை சரிந்திருந்தது. றஊபிடம் பழைய இங்கிலீஷ் சஞ்சிகையின் கிழிந்த தாள் ஒன்று இருந்தது. ஸ்பீக்கர் முன்னுக்குத் தள்ளும் காற்றைத்தான் நாம் கேட்கிறோம், அது பின்னுக்கும் காற்றைத் தள்ளுகிறது, மூடிய பெட்டியில் அது வீணாகிறது என்று அதில் போட்டிருந்தது. பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு, சரியான நீளத்தில் குழாய் வைத்தால் அந்தக் காற்றும் வெளியே வந்து 'தும்' என்ற சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் பெட்டிக்குள் எத்தனை கன அடி இடம் என்று தெரிந்தால்தான் குழாயின் நீளம் தெரியும். பெட்டி சிறிதாகச் சிறிதாகக் குழாய் நீள வேண்டும். இதுவும் ஒரு வில்லங்கம்தான்!

றஊப் இரண்டு நாள் கீறினான், கூட்டினான், பெருக்கினான். மேட்டையும் சரிவையும் கழித்தபோது ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விடை வந்தது. மூன்றாம் நாள் பென்சிலை எறிந்துவிட்டான்.

"இதுக்கு ஏன் மண்டைய ஒடைக்கிறீங்க?" என்றாள் நூரியா. "மொதல்ல இடத்துக்கு ஏத்த மாதிரிப் பெட்டிய அடிங்க. மில்லுல உமி சும்மாதானே கெடக்கி. அதக் கொட்டி அரிசி அளக்கிற கொத்தால அளந்தா முடிஞ்சிச்சே."

அவன் அவளை வாய் பிளந்து பார்த்தான். "அடியேய், இத ஏன் முந்தாநாத்தே சொல்லல்ல?"

"முந்தாநாத்து நீங்க என்னோட பேசவே இல்லியே!"

தேயிலைப் பெட்டிப் பலகையைத்தான் அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் எடுப்பார்கள். அது மெல்லியது, ஸ்பீக்கரின் அதிர்வுக்குக் கிலுகிலுக்கும். அதனால் பலகையை இரட்டையாக வைத்து, நடுவில் ஷீட் றப்பர் விரித்து ஒட்டினான். மூலைகளில் காற்று கசியாமல் றப்பர்ப் பால் பூசினான். பிறகு நூரியா கொத்துக் கொத்தாக உமியைக் கொட்டி எண்ணினாள். இருபத்தெட்டு. ஸ்பீக்கரும் குழாயும் பிடிக்கும் இடத்துக்கு மூன்று கழித்தால் இருபத்தைந்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல், ஒரு புசல் ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் கூட என்ற கணக்கில் அது சரியாக ஒரு கன அடி. தாளைப் பார்த்தால் மூன்று அங்குலக் குழாய் பத்து அங்குல நீளம் வேண்டும், பெட்டியின் ஆழமோ எட்டுத்தான். றஊப் தண்ணீர்க் குழாயின் வளைவு ஒன்றை வாங்கி, குழாயை உள்ளே பக்கவாட்டில் மடக்கிவிட்டான். வெள்ளி இரவே பெட்டி வேனில் ஏறியது.

சனிக்கிழமை காலை வேன் நிறையச் சனம். ஸம்சுதீன் நானாவே ஓட்டினார். பாட்டு தொடங்கியதும் வேனின் தரையே மெல்ல அதிர்ந்தது. "ஹரி ஷோக்!" என்று யாரோ ஒருவன் சிங்களத்தில் மெச்சிக் கத்தினான். நடுச் சீட்டில் இருந்த நூரியா முக்காட்டுக்குள் சிரித்தாள். முன்னால் நின்ற றஊப் திரும்பிப் பார்த்துக் கண்ணால் கேட்டான். அவள் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் காலையில் வெறும் தேநீர்தான், பசி கூடத் தெரியவில்லை.

வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் நாலு பெண்கள் ஏறிப் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வேன் கால் மைல் போயிருக்காது, சத்தம் செத்துவிட்டது. பாட்டு இருந்தது, ஆனால் 'தும்' இல்லை. தகரத்தில் தட்டுவது போல ஒரு 'தக் தக்' மட்டும்.

"என்ன மச்சான்? ஒன்ட பெட்டி மௌத்தாப் போயிட்டா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் ஸம்சுதீன் நானா.

றஊபுக்கு வியர்த்தது. வயர்களை அமுக்கினான், திருகிகளைத் திருகினான். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் இனி வாங்கிப் போட வழியும் இல்லை, நேரமும் இல்லை. பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் பின்சீட்டுக்கு அடியில் குனிய வேண்டும். அங்கே நாலு பெண்களின் கால்கள். எந்த ஆம்பிளை குனிவான்? அவன் சிவந்த முகத்தோடு அப்படியே நின்றான். நூரியாவுக்குத் திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. இப்படியா கைநழுவிப் போக வேண்டும்?

அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள்.

"அக்கா, காலக் கொஞ்சம் தூக்குங்க."

சீட்டின் நடுவில் இருந்த புஷ்பம் என்ற பெண் காலைத் தூக்கினாள். நூரியா குனிந்தாள். குழாயின் வாயில் ஒரு தலைத்துணி, கல்லுப் போல இறுக்கி அடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி.

"யா அல்லாஹ்! இத யார் அடைச்ச?"

"நான்தாங்க," என்றாள் புஷ்பம் பெருமையாக. "இம்புட்டுப் பெரிய ஓட்டைய யாராச்சும் தொறந்து போடுவாங்களா? எங்க லயத்து வீட்டுல இப்புடி ஒன்னு இருந்தா விடியிறதுக்குள்ள எலி அரிசிய காலி பண்ணிப்புடும். மக வீட்டுக்குக் கொண்டு போற அரிசிங்க. அதான் நல்லா அடச்சேன்."

"நல்லா அடைச்சீங்க போங்க! இன்னும் கொஞ்சத்துல என்ட வாழ்க்கையையும் சேத்து அடைச்சிருப்பீங்க," என்று சொல்லி நூரியா துணியைப் பிடுங்கினாள்.

தும்! புஷ்பத்தின் சேலைக்கரை காற்றில் படபடத்தது. "ஆத்தாடி!" என்று அவள் துள்ளி எழும்பினாள். வேன் முழுக்கச் சிரித்தது. றஊப் அசட்டுச் சிரிப்போடு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

ஸம்சுதீன் நானா சிரிக்கவில்லை. கேகாலையில் சனம் இறங்கிய பிறகு வேன் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இன்டைக்கு ஒன்ட பொஞ்சாதி வந்தா. நாளைக்கு யார் வாற? இந்த ரோட்டுல ஓட்டையக் கண்டா எல்லாரும் அடைப்பாங்க. அடைக்காட்டி சாக்க வச்சி மறைப்பாங்க. இது சரிவாற வேல இல்ல தம்பி."

றஊப் தோற்றவன் போலத் தலை குனிந்தான். நூரியாவுக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் மீதல்ல, இவன் மீது.

அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த புஷ்பம் திரும்பினாள். "ஏங்க நானா, ஓட்டை இருந்தே ஆவணுமாங்க? அப்ப கம்பி வல அடிச்சுப்புடுங்க. கால் படாத பக்கமா வச்சா நாங்க ஏன் அடைக்கப் போறோம்?"

நூரியாவும் றஊபும் ஒரே நேரத்தில் பின்கதவைப் பார்த்தார்கள். பின்சீட்டின் முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் அரைச் சாண் இடைவெளி, ஒரு பையும் நுழையாது.

அதற்குப் பிறகு றஊபைப் பிடிக்க முடியவில்லை. ஸம்சுதீன் நானாவிடம் ஒரு மணித்தியாலம் கெஞ்சி வாங்கினான். குழாயைக் கழற்றிப் பெட்டியின் பின்பக்கத்துக்கு மாற்றினான். முன் ஓட்டைக்குப் பலகைத் துண்டு வைத்து றப்பரால் அடைத்தான். நூரியா பக்கத்து இரும்புக் கடைக்கு ஓடிப்போய்க் கம்பி வலை வாங்கிவந்து பிடித்துக்கொண்டாள், அவன் ஆணி அடித்தான்.

திரும்பும்போது காற்று சீட்டின் முதுகால் ஏறிக் கூரையில் பரவியது. மூலையில் முட்டி எழுந்த சத்தம் முன்னதைவிடக் கனமாக வந்தது. பின்சீட்டில் சாக்கும் கூடையும் குவிந்தன, சத்தம் அசையவில்லை. புளத்கொகுபிட்டியவில் இறங்க வேண்டிய இரண்டு பேர் பாட்டு முடியும்வரை இறங்கவே இல்லை.

ஸம்சுதீன் நானா இஞ்சினை நிறுத்திவிட்டுத் தாடியைத் தடவினார். "மத்த ரெண்டு வேனையும் திங்கக்கிழம விட்டா, எப்ப முடியும்?"

றஊப் நாளை எண்ணிப் பார்த்தான். கொழும்பில் கையெழுத்து வைப்பதும் அதே திங்கள்தானே? அவன் நூரியாவைப் பார்த்தான்.

வேற்று ஆம்பிளையோடு நேரில் ஒரு வார்த்தை பேசாதவள் அவள். அன்றைக்கு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"விடுங்க நானா. அவசரப்படாமச் செஞ்சி தருவார்," என்றாள். "ஆள் எங்கயும் போகல்ல."