கறுப்பு ரிப்பன் போட்ட சட்டம்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதை மறைத்துத்தான் முதல் வரைவை எழுதினேன்: "நடிகர் பியோ மான்சொக் நாற்பத்தேழு முறை செத்தவர்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்றுதான் தேறுகிறது. (மிச்சம் பதினாறும் என் கைச்சரக்கு. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?)

அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். தொண்ணூறுகளில் சியோலில் ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கினால், நாலாவது வாரத்துக்குள் மான்சொக் அதில் செத்துவிடுவார். மாரடைப்பு, லாரி, ஒரு தடவை இடிகூட. முகவாகு அப்படி, அவர் சிரித்தாலே பார்ப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

2

செட் சாமான்களுக்கு நான் பொறுப்பு. பாத்திரம் செத்தால் கறுப்பு ரிப்பன் போட்ட சட்டத்தில் அவர் படம் வேண்டும். மான்சொக்குக்கு எடுத்த ஒரே படத்தைப் பத்து வருஷம் ஓட்டினேன். சாவு வீட்டுக் காட்சிக்கு நிஜமாகவே மாட்டுக்கறிக் காரச் சாறு காய்ச்சுவோம். தன் படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு மூன்று கிண்ணம் குடிப்பார்.

"உங்க சாவுச் சோறுக்கு நீங்களே மூணு தடவ கைய நீட்டுறீங்களே சார்!" என்பாள் ஒப்பனைக்காரி.

"நானே வரலன்னா வேற யாரும்மா வருவா?"

3

ஒரு காலைத் தொடரில் மட்டும் அவர் எண்பத்தெட்டு நாள் ஆகியும் உயிரோடு இருந்தார். மூத்த மாமா வேஷம். இந்த மாதிரித் தொடர்களெல்லாம் கடைசி நாளில் குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுப்பதில்தான் முடியும். இருபத்தாறு வருஷத்தில் மான்சொக் அந்த வரிசையில் நின்றதே இல்லை.

"ஒரே ஒரு தடவ அதுல நிக்கணும் தம்பி," என்றார் என்னிடம். அதற்கென்று புதுக் கோட்டே வாங்கிவிட்டார்.

இனி என் தவறு. எண்பத்தெட்டாம் நாள், முன்னோருக்குப் படையல் வைக்கும் காட்சி. மாமாவின் அப்பா படத்தை வைக்க வேண்டிய இடத்தில், கைப்பழக்கத்தில், மான்சொக் படத்தை வைத்துவிட்டேன். உயிரோடு இருப்பவருக்கு ஒரு முறை விழுந்து வணங்குவோம், செத்தவருக்கு இரண்டு முறை. மான்சொக் தனக்கே இரண்டு முறை வணங்கினார். யாரும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பான பிறகு நாடே கவனித்தது.

(தவறா, குறும்பா என்று என் மனைவி கேட்பாள். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்கிறேன். எது சரியென்று எனக்கே தெரியவில்லை.)

போன் மணி ஓயவில்லை. "மாமா சாகப் போறாரா?" என்று பாதிப் பேர்; "எங்களுக்குச் சொல்லாம ஏன் கொன்னீங்க?" என்று மீதிப் பேர். தொடரை எழுதிய மா ஓக்ரான் அம்மாள் குழம்பிப் போனார். படம் ஓர் அறிகுறி என்று மாமாவைக் கொன்றுவிடுவதா? ஒன்றும் நடக்காததுபோல வாழவிடுவதா?

4

"மா ஓக்ரான் கண்ணீரோடு பேனாவை" — இல்லை. அந்த அம்மாள் அழுது நான் பார்த்ததில்லை.

நடந்தது இது. கடைசிப் பக்கம் படப்பிடிப்பன்று காலையில்தான் ஃபேக்ஸில் வந்தது: "குடும்பம் வரிசையாக நிற்கிறது. மூத்த மாமா" — அதோடு காகிதச் சுருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போன் போட்டோம்.

"அம்மா குளியல் இல்லத்துக்குப் போயிட்டாங்க. மூணு மணி நேரம் ஊறாம வெளியே வர மாட்டாங்க."

மறுநாள் காலையில் ஒளிபரப்பு. இயக்குநர் தோ கத்தினார்: "ஆளையும் நிறுத்து, படத்தையும் எடுத்து வை! எது வேணுமோ அத வச்சுக்கலாம்!"

மான்சொக் என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்தார். "தம்பி, படம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடேன்."

"நான் எதையும் தொலைச்சதே இல்லண்ணே. ஊருக்கே தெரியும்."

"முப்பத்தொரு தடவ எனக்காக எடுத்து வச்சல்ல? ஒரு தடவ வைக்காம இரேன்."

5

முதல் முடிவு: சட்டத்தை அரிசி மூட்டைக்குள் ஒளித்தேன். அவர் வரிசையில் நின்று சிரித்த சிரிப்பில் மூன்று விளக்குகள் வெடித்தன. (சரி, ஒன்று.)

இரண்டாம் முடிவு: சட்டத்தை மாமாவின் மனைவியாக நடித்த அத்தையின் மடியில் வைத்தேன். மான்சொக் புதுக் கோட்டோடு கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் அவர் முகம் இருந்தது. அவர் இல்லை.

இரண்டையும் மதுக்கடைகளில் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன். இரண்டுக்கும் ஆட்கள் அழுதிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நான் கட்டியது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. நடந்ததுதான் வேண்டும் என்று கேட்டால், இவ்வளவு தூரம்தான் எனக்கு நிச்சயம்: சட்டம் என் கையில். வலப்பக்கம் தோ அதைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இடப்பக்கம் பின்வாசல் திறந்திருக்கிறது. அத்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மான்சொக்கின் கோட்டுக் கையில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது, பிய்க்க மறந்துவிட்டார்.

போட்டோக்காரர் "ஒண்ணு, ரெண்டு" வரை எண்ணிவிட்டார்.

இந்தாருங்கள், சட்டத்தைக் கொஞ்சம் பிடியுங்கள்.