கட்டளைக்கு ஒரு நிறம்

நிருஷா மடிக்கணினியைத் தாயின் பக்கம் திருப்பிக் காட்டியதும், கண்ணகை கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

"என்ன புள்ள இது? கறுப்புல சிவப்பும் மஞ்சளும்! உனக்கென்ன விசரா?"

நிருஷாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. திரையில் இருந்த பைட்கோட், கணினிக்காகவே உள்ள மொழி. எடிட்டர் என்ற எழுதும் மென்பொருளில் திறந்தால் கட்டளையும் எண்ணும் ஒரே வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும், பிழை எங்கே என்று தேடியே கண் பூத்துவிடும். இரண்டையும் எடிட்டரே நிறம் பிரித்துக் காட்டும்படி செய்து கொடுத்தால் டவுனில் முனாப் நானாவின் கந்தோரில் வேலை. அதற்காகத்தான் இத்தனை நாளாக மண்டையை உடைத்தாள். நிறத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? எடுப்பாகத் தெரிந்ததைப் போட்டுவிட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. சண்டை முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கல்லடிப் பாலத்தில் இன்னும் பையைத் திறந்து பார்க்கிறார்கள். புலிக்கொடியின் நிறங்கள் என்பதால், அம்மா கொடியில் துணி போடும்போதுகூடச் சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில் மஞ்சள் துவாயைப் போடமாட்டாள். கணவனைச் சுனாமிக்குக் கொடுத்தவள், மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான். நிருஷாவுக்குப் பாவமாக இருந்தது. கட்டளைகளை நீலமாக்கினாள், எண்களைப் பச்சையாக்கினாள்.

மறுநாள் கந்தோருக்குப் போகும் வழியில், பாலத்தில் ஆமிக்காரன் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னான். திரை நிறைய யாருக்கும் விளங்காத எழுத்து.

"இது என்ன?"

வாய்வரை வந்த 'கோட்' என்ற சொல்லை விழுங்கிக்கொண்டாள். ரகசியக் கோட் என்று நினைத்தால் என்ன செய்வது?

"வேலை," என்றாள்.

அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தான்.

காத்தான்குடிக்காரரான முனாப் நானா திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"நல்லா வந்திரிக்கி தங்கச்சி. ஆனா நீலம் கறுப்புக்குள்ள மங்குது. கட்டளைக்குச் சிவப்பு, எண்ணுக்கு மஞ்சள் போட்டா…"

அவரே நிறுத்திக்கொண்டார். பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்ட ஊர் அவருடையது; அந்த நிறங்களுக்குப் பயந்தவர்கள் அங்கேயும் உண்டு.

"வேணாம், இதே காணும்," என்றார் மெதுவாக. "திங்கக்கிழம வாங்க."

வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா வாசலில் இல்லை. கொடியின் ஒரு தொங்கலில் சிவப்புச் சேலை, மறு தொங்கலில் மஞ்சள் துவாய். நடுவில், வேலை கிடைத்தால் போட்டுப் போகவென்று எடுத்து வைத்திருந்த நிருஷாவின் நீலச் சட்டை, சேதி தெரியும் முன்பே கழுவப்பட்டு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.