இனி தூக்கக் கூடாது

தையல்காரியின் இடுப்பு விட்டுப்போனது மெஷினால் அல்ல, மகளைத் தூக்கித் தூக்கி. பத்தொன்பது வயதாகியும் மகளுக்குக் கால் ஊன்றாது. பேச்சும் இரண்டொரு சொல்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு எல்லாம் அம்மா கைதான். அப்பா லாரி டிரைவர். வீட்டில் இருந்தாலும், "அவளுக்கு உன் கைதான் பழக்கம்" என்று நழுவிவிடுவான்.

ஒருநாள் தூக்கிய கையோடு இருவரும் விழுந்தார்கள். மகளுக்கு அடியில்லை. தையல்காரியால் எழவே முடியவில்லை.

"முதுகெலும்பு நழுவிக் காலுக்குப் போற நரம்பை அழுத்துது. அதான் இந்தக் கால்வலி. திருகாணியும் கம்பியும் வச்சு நிறுத்திடலாம்," என்றார் டாக்டர்.

"அப்புறம் நம்ம பொண்ணத் தூக்கலாம்தானே?" என்று கணவனைத் துளைத்தெடுத்தாள்.

"டாக்டர்கிட்ட தனியா கேட்டுட்டேன். முன்ன மாதிரியே தூக்கலாம்."

அதை நம்பித்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

வாக்கரைப் பிடித்து முதன்முதலாக நடந்தபோது நர்ஸ் சிரித்தாள். "உடம்புல இரும்பு ஏறிடுச்சுக்கா. இனிமே உங்ககிட்ட யாரும் வம்புக்கு வர மாட்டாங்க."

"எம்பொண்ணத் தூக்குனா போதும்மா."

நர்ஸின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா? ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுக்கா."

கணவன் வந்ததும் கேட்டாள். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? படுத்த படுக்கையா ஆயிருப்ப. எனக்கு நீயும் வேணும்டி."

அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்ப நினைத்தாள். அதற்கும் அவன்தான் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

அவன் லாரியை விட்டுவிட்டு, பக்கத்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். ஆரம்பத்தில் அவன் தொட்டாலே மகள் வீடு அதிர அலறினாள். இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்து தையல்காரி சொல்லிக்கொடுத்தாள். "முழங்காலுக்கு அடியில கை குடுங்க. அவசரப்படாதீங்க, பயப்படுவா." அலறல் முனகலாகி, முனகலும் அடங்கியது.

மாதங்கள் ஓடின. தையல்காரிக்குக் கால்வலி போயே போய்விட்டது. மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

ஒரு சாயங்காலம் மகள் குரல் கொடுத்தாள். தையல்காரி ஓடாத குறையாகப் போய்க் கட்டிலருகே நின்றாள்.

"என்னடா கண்ணு? அம்மா வந்துட்டேன்."

மகளின் கண்கள் அவளைத் தாண்டி வாசலுக்குப் போயின. "ப்பா."

"அம்மா இருக்கேன்ல?"

"ப்பா."

அந்தச் சொல்லை மகள் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, மாடிப்படியில் நின்று கீழே இருந்த கணவனுக்குக் குரல் கொடுத்தாள். "வாங்க. உங்களத்தான் கூப்பிடுறா."

"என்னையா?" என்று அவன் படிகளைத் தாவி ஏறி வந்தான். அந்தச் சந்தோஷத்தை அவளால் குறை சொல்ல முடியவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

அவன் மகளைத் தூக்கினான். நாற்காலி நகராமல் தையல்காரி பிடித்துக்கொண்டாள்.