மிலேத்துவில் விடப்பட்டவன்

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கிறிஸ்தவ சபைக்கு லிஃப்ட் கிடையாது. ஞாயிறுதோறும் தம்பி யதீசன் அந்தச் செங்குத்தான மரப்படிகளில் ஏறும்போது பின்னால் வருவதுதான் சிவதர்ஷினிக்கு வாரத்திலேயே கடினமான வேலை. தாங்கிப் பிடிக்கக் கூடாது. நடுவில் நிற்கிறாயா என்று கேட்கக் கூடாது. அவன் சுகமாகிவிட்டவன்; சபை முழுவதற்கும் அது தெரியும்.

தெரியப்படுத்தியவர் அம்மா குணமணி. ஆண்டிறுதி ஆராதனையில் ஒவ்வொருவரும் வரிசையாகப் போய்த் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது அங்கே வழக்கம். அதில் இருக்கும் வசனம், வரும் ஆண்டுக்குக் கர்த்தர் அவருக்குக் கொடுத்த வாக்கு. யதீசன் அன்று மருத்துவமனையில் கிடந்தான். வயிற்றில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவன் பேரைச் சொல்லி அம்மா எடுத்த அட்டையில், காயங்களை ஆற்றி ஆரோக்கியம் தருவேன் என்கிற எரேமியாவின் வசனம் இருந்தது. அம்மா அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு, கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக்கை வாங்கி, "என் மகன் சுகமாயிட்டான். கண்ணால பார்க்கிறதுக்கு முன்னாடியே சொல்றேன், சுகமாயிட்டான்" என்றார். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது.

சாட்சி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெறுவது அங்கே யாரும் செய்யாத காரியம். திரும்பப் பெற்றால், பொய் சொன்னவர் கர்த்தர் என்று ஆகிவிடும்.

மார்ச் மாதம், இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே நர்ஸ் வருவார், கூப்பிடுங்கள் என்று ஓர் எண்ணையும் கொடுத்தார். மார்சிலிங் வீட்டுக் கூடத்தில் அன்று மாலையே அம்மா முடிவைச் சொல்லிவிட்டார்.

"சாகிறவங்களுக்குத்தான் அந்த நர்ஸ் வருவாங்க. என் பிள்ளைக்கு எதுக்கு?"

அப்பா இராஜசிங்கம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இருபத்தாறு வயதில் யதீசனுக்கு அம்மாவிடம் சண்டை போடத் தெம்பு இல்லை, மனமும் இல்லை. பனடால் மாத்திரை போட்டுக்கொண்டு, இடுப்பில் நிற்காத கால்சட்டையை பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு, ஞாயிறானால் படியேறினான்.

சபையில் புதன்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பு நடக்கும். துவாஸ் கிடங்கு அலுவலகத்தில் வேலை முடிந்ததும் சிவதர்ஷினி நேரே அங்கே போய்விடுவாள். அந்தப் பருவத்தின் தலைப்பு, வேதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள். ஆளுக்கொரு பெயர்ச் சீட்டை மைலோ டின்னிலிருந்து எடுத்து, குடும்ப ஞாயிறன்று மேடையில் அவரைப் பற்றிப் பேசி, விசுவாசப் பாடம் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். எரேமியாவைக் கந்தல் துணியும் கயிறும் கொண்டு குழியிலிருந்து தூக்கிய எபெத்மெலேக், பிள்ளைகளின் பிணங்களைப் பறவை தொடாமல் காத்த ரிஸ்பாள் என்று மற்றவர்களுக்கு வந்தது. அவளுக்கு வந்தது துரோப்பீமு.

எதையும் வரிசைப்படி செய்கிறவள் அவள். அவனைப் பற்றிய இடங்களையெல்லாம் தேடி எடுத்தாள். எபேசு ஊர்க்காரன். ஊர் ஊராகப் பிரசங்கித்த பவுலோடு பயணம் போனவன். எருசலேமில் அவனைப் பவுலோடு பார்த்ததாலேயே கலகம் மூண்டது. கடைசியாகப் பவுல் சாவுக்குக் காத்திருந்த சிறையிலிருந்து எழுதிய கடிதத்தின் முடிவில் ஒரே வரி: அவனை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன். அதற்குப் பிறகு அவன் பெயரே இல்லை. இதில் என்ன பாடம் இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லையோ என்று அவள் மறுபடி மறுபடி வாசித்தாள்.

வகுப்பை நடத்திய பாஸ்டர் பிரேமிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். யாரும் முகம் வாடி வீடு போவது அவருக்குப் பொறுக்காது.

"பின்னாடி சுகமாயிருப்பார், சிஸ்டர். அப்படி முடிச்சிடுங்க. பாஸிடிவா இருக்கும்."

"எழுதலையே, பாஸ்டர்."

"செத்தார்னும்தான் எழுதலையே?"

வீட்டில் யதீசன் கேட்டான். "உனக்கு யாரு வந்திருக்கா, அக்கா? ஆபிரகாமா?"

"துரோப்பீமு."

"அது யாரு, மருந்துக் கம்பெனியா?"

அவள் சொன்னாள். அவன் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தபடி, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு கேட்டான்.

"இரு, இரு. எபேசுல பவுலோட கைக்குட்டையைக் கொண்டுபோய் வெச்சாலே சீக்காளிங்க எழுந்து நடந்தாங்கல்ல? இவன் அதே ஊர்க்காரன். போறப்ப ஒரு கைக்குட்டை கொடுத்துட்டுப் போயிருக்கலாம் லா."

"அதுதான்டா எனக்கும் புரியலை."

"மிலேத்து எங்க இருக்கு?"

"எபேசுக்குப் பக்கம்தான். இங்கேயிருந்து எல்லை கடந்து, கூலாய் ஊரைத் தாண்டிப் போற தூரம்."

"அப்போ வீட்டுக்குப் பக்கத்துலதான் விட்டிருக்கார்." அவன் தலையணையை இன்னும் அழுத்திக்கொண்டான். "கொடுத்து வெச்சவன். வியாதியா இருக்கான்னு பவுலே எழுதிக் கொடுத்துட்டார். படுத்துக்கலாம்." பிறகு அம்மா சமையலறையில்தான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அதை அப்படியே சொல்லு, அக்கா. நீ சொன்னா அம்மா கேப்பாங்க. நான் சொன்னா அழுவாங்க. எனக்குப் படுக்கணும்க்கா. அவ்வளவுதான்."

சொல்கிறேன் என்றாள் சிவதர்ஷினி.

குடும்ப ஞாயிறன்று மேல்மாடி நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அம்மா, பக்கத்தில் யதீசன். படியேறிய களைப்பில் அவன் உதடு வெளுத்திருந்தது. வழியில் கைகுலுக்கிய எல்லோரிடமும் "சுகம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தான். சிவதர்ஷினி மேடையில் நின்று எபேசுவைச் சொன்னாள், கைக்குட்டையைச் சொன்னாள், எருசலேம் கலகத்தைச் சொன்னாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடிதத்தின் அந்த ஒற்றை வரிக்கு வந்தாள். அவனை வியாதியோடு விட்டுவந்ததால் பவுலின் விசுவாசம் குறைந்துபோகவில்லை, அவனுடையதும் குறைந்துபோகவில்லை. அவன் வியாதியாக இருந்தான், அவ்வளவுதான் என்று முடிக்க வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் தன் பிள்ளையைப் பற்றி மகள் எதுவும் சொல்லிவிடமாட்டாள் என்ற நிம்மதியில் மலர்ந்திருந்தது.

"பிறகு துரோப்பீமு சுகமாகி, மறுபடியும் ஊழியம் செய்தார்" என்றாள் சிவதர்ஷினி.

ஆமென் என்ற சத்தத்தில் மாடி அதிர்ந்தது. பாஸ்டர் பிரேம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யதீசன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான், நெடுநேரம் நிமிரவில்லை. அம்மா மட்டும் ஆமென் சொல்லவில்லை.

வீடு திரும்பும் டாக்ஸி விரைவுச்சாலையில் ஏறியது.

"எந்த அதிகாரம்?" என்றார் முன்னிருக்கையிலிருந்த அம்மா.

"என்னம்மா?"

"சுகமானார்னு சொன்னியே. எந்த அதிகாரம், எத்தனாவது வசனம்?"

வருஷா வருஷம் வேதத்தை ஆதியாகமத்திலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பவர் அம்மா. மேடையில் நின்றபோது சிவதர்ஷினிக்கு அது எப்படி மறந்துபோனது?

"அப்படி எழுதலைம்மா."

"எழுதலைன்னு எனக்குத் தெரியும்டி. வேதத்துல இல்லாததைச் சேர்த்துச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? அதுவும் மேடையில?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…"

"எனக்கு என்ன கஷ்டம்? வியாதியா விட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்கு. எழுதினதை எழுதினபடி சொல்லணும். பவுலுக்கு விசுவாசம் இல்லாமலா போச்சு? அந்தப் பிள்ளைக்குத்தான் இல்லாமப் போச்சா? வியாதியா இருந்தா வியாதியா இருக்கான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இல்லாததை…"

அம்மா நிறுத்திக்கொண்டார். தூறலுக்கு வைப்பர் ஒருமுறை போய்வந்தது. பின்னிருக்கையில் கண்ணாடியில் தலை சாய்த்திருந்த யதீசன் கண் திறக்காமலே சொன்னான்.

"அம்மா, அடுத்த வாரம் என்னால படியேற முடியாதும்மா."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மார்சிலிங்கில் நுழைந்ததும் டிரைவர் எந்த அடுக்குமாடி புளோக் என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அம்மா சிவதர்ஷினியோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். ஞாயிறு காலை புடவை கட்டிக்கொண்டு, "அவன் தூங்கட்டும். நீங்க பார்த்துக்கங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, "வர்றதானா வா" என்றார்.

சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தார். கைகள் தட்டுவதற்குத் தயாராயின. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"என் மகன் யதீசன் வியாதியா இருக்கான்" என்றார். "ஜனவரியில சுகமாயிட்டான்னு சொன்னேன். அது நான் சொன்னது. கர்த்தர் மேல போட்டுடாதீங்க. அவன் வியாதியா இருக்கான். வீட்டுல படுத்திருக்கான். பார்க்கணும்னு நினைக்கிறவங்க…" மைக்கை மற்ற கைக்கு மாற்றினார். "இப்பவே வந்து பார்த்துடுங்க."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஆமென் என்று ஒரு குரல் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. பாஸ்டர் பிரேம் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இறங்கி வந்து அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிவதர்ஷினி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா கையை இழுத்துக்கொண்டார். மேடையில் சொன்ன பொய்யை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை சிவதர்ஷினிதான் டாக்டர் கொடுத்த அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். மறுநாள் பிற்பகல் ஹனீன் என்ற நர்ஸ் வந்தார். தமிழ் முஸ்லிம், முக்காடு போட்டவர், சிவதர்ஷினி வயதுதான் இருக்கும். கதவைத் திறந்தது அம்மா.

ஹனீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யதீசனின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். "எங்கெல்லாம் வலிக்குது, தம்பி?"

யதீசன் அம்மாவைப் பார்த்தான்.

"பெருசா ஒண்ணும் இல்ல, சிஸ்டர்."

"எப்பலேர்ந்து?"

மறுபடியும் அம்மாவைப் பார்த்தான். சிவதர்ஷினி அறை வாசலில் நின்றாள். உள்ளே போகலாமா என்று தெரியாமல் அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"சொல்லு, யதீ" என்றார் அம்மா. "உள்ளபடி சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதுகில், விலாவுக்குக் கீழே, தும்மினால், படுத்தால், படி ஏறினால். நின்று பாடும்போது கண் இருட்டியதைச் சொன்னான். புது வருஷத்திலிருந்தே என்றான். அம்மா சாட்சி சொன்ன அன்றும்தான், மருத்துவமனையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்பவும் வலிச்சுது என்றான். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது.

அம்மா நாற்காலியை இழுத்து அவன் கால்மாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அழவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. ஒரு தடவை ஹனீன் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க வெளியே இருக்கீங்களாம்மா? நான் கேட்டுக்கிறேன்."

"இல்ல" என்றார் குணமணி. "நானும் கேக்கணும்."