முதலில் எண்ணைக் கேளுங்கள்

என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண் போனவருக்குக் கடிகாரம். அந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ.

நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது என் அக்கா சிரித்தாள். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாடி?" என்றாள்.

"அவருக்கு இன்னும் அம்பது ஆகல. நீ வாயை மூடு" என்றேன்.

வகுப்பில் எல்லாரும் எங்கள் மகள் வயது. அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் மகளின் பழைய லேப்டாப்பைக் கழற்றிப் பரப்பி, மறுபடி மாட்டிப் பழகினார். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அது இல்லாமலே லேப்டாப் ஓடியது. ஓடின வரைக்கும் சந்தோஷம்.

படிப்பு முடிந்து வேலை தேடியதைச் சொன்னால் வயிற்றெரிச்சல். ஆரம்பநிலை வேலை என்று விளம்பரம் போடுவார்கள், கீழே இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். பெண் பார்க்க வந்துவிட்டுப் பிள்ளை எத்தனை என்று கேட்கிற மாதிரி. நேர்முகத்துக்குப் போனால், காத்திருக்கும் பையன்களும் பெண்களும் இவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்களாம், கேள்வி கேட்க வந்த அதிகாரி என்று நினைத்து. மரியாதை அத்தோடு சரி. உள்ளே போனால், இந்த வயதில் எதற்கு சார் உங்களுக்கு இது என்பார்கள். எதற்கா? சோற்றுக்குத்தான்.

நாய் படாத பாடு பட்ட பிறகு ஒரு கம்பெனி கூப்பிட்டது. வேறொரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரில் தகராறு என்றால் இவர்களுக்குப் போன் செய்வார்கள். வீட்டிலிருந்தே பேசிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம், தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. மகளுக்குக் கடைசி வருஷப் படிப்பு. எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலை.

படுக்கையறையில் துணி தேய்க்கும் மேசைதான் அவருடைய அலுவலகம். நடுவில் ஒரு திரை, இந்தப் பக்கம் என் அடுப்படி. அவர் பேசும்போது மிக்ஸி போடக்கூடாது, குக்கர் விசில் வரக்கூடாது. ஒருநாள் விசில் வந்துவிட்டது. "என்ன சார், ரயில்ல இருந்து வேலை பாக்குறீங்களா?" என்று எதிர்ப்பக்கம் கேட்டார்களாம். அதிலிருந்து நான் விடிவதற்குள் எல்லாவற்றையும் வேகவைத்து இறக்கிவிடுவேன்.

அந்த வேலையில் ஒரே ஒரு விதிக்கு விலக்கு கிடையாது. பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லி யார் கேட்டாலும் முதலில் ஊழியர் எண் கேட்க வேண்டும். பிறகு அவருடைய போனுக்கு ஒரு குறியீடு அனுப்பி அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். போன் இல்லை என்றால் முடியாது, உங்கள் மேலாளரைப் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஊழியராக நடிப்பேன், அவர் பழகுவார்.

"ஐயோ சார், என் கம்ப்யூட்டர் திறக்கல" என்பேன்.

"பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்பார்.

"நம்பரைக் கேளுங்கன்னா!"

"கேக்குறேன், கேக்குறேன். ஆம்புலன்ஸ்ல முதல்ல வண்டியில ஏத்துவோம், அப்புறம்தான் பேர் கேப்போம். வாய் அப்படியே பழகிடுச்சு."

"இது ஆம்புலன்ஸ் இல்ல. இங்க யாரும் சாகக் கிடக்கல" என்று கத்துவேன். நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

ஆனால் பழகிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு தவறில்லை. வாயில் எண் தானாக வந்தது. அக்காவிடம் போன் போட்டு, வளைஞ்சிடுச்சு பாத்துக்கோ என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள், எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை, காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் எதிர்ப்பக்கக் குரல் எனக்குக் கேட்காது, அவர் பேசுவது மட்டும் கேட்கும்.

"சொல்லுங்கம்மா... என்ன? வலிப்பா? குழந்தைக்கு என்ன வயசு? ஆஸ்பத்திரி வந்தாச்சா? சரி, பதறாதீங்க. நான் இருக்கேன்."

கத்தி என் கையிலேயே நின்றது. எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. தாழ்ந்து, அவசரமே இல்லாமல், எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு குரல். கண் போனதிலிருந்து வீட்டில் நடமாடியது வேறு யாரோ. என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்காங்களா? வாயில எதுவும் வைக்காதீங்க. இன்சூரன்ஸ் அட்டை ஆபீஸ் மெயில்லயா இருக்கு? போனை வீட்டிலயே விட்டுட்டீங்களா, இது வேற யாரோட போனா... இருங்க, இருங்க, அழாதீங்க."

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. எண் கேட்கவில்லை. திரையை விலக்கி, விரலால் காற்றில் எழுதிக் காட்டினேன். என்னைப் பார்த்தார். வழியில் நிற்கும் வண்டியை ஒதுங்கச் சொல்வது போல் கையை வீசினார். பிறகு புதிய பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, இரண்டு முறை சொன்னார்.

மதியம் அவருடைய டீம் லீடர் கூப்பிட்டாள். சின்னப் பெண்தான், லேப்டாப் திரையில் முகம் தெரிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றியிருந்ததால் குரல் எனக்கும் கேட்டது.

"சார், காலையில குழந்தைக்கு வலிப்புன்னு ஒரு அம்மா பேசினாங்களே..."

"ஆமாம்மா. இப்ப எப்படி இருக்காம்?"

"குழந்தையே இல்ல சார். உங்களை மாதிரி புதுசா வந்தவங்களை சோதிக்கப் பாதுகாப்புக் குழு பண்ணின போன் அது."

"அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார்."

"நல்ல வேளை" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சார், நீங்க பாஸ்வேர்டையே தூக்கிக் குடுத்துட்டீங்க. நிஜத் திருடனா இருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் மேல பேசிப் பாத்தேன், ஒத்துக்கல. இதோட நிறுத்திக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆள் வந்து கம்பெனி லேப்டாப்பை வாங்கிப்பாங்க."

"சரிம்மா. நீ என்ன பண்ணுவ, பாவம்."

திரை அணைந்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம். "நாசமாப் போறவங்க. இல்லாத பிள்ளைக்கு வலிப்புன்னு சொல்ல நாக்கு எப்படி வந்துச்சு அவங்களுக்கு? விளங்குவாங்களா?"

அவர் ஹெட்போன் வயரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லாத. திருடனும் இப்படித்தான் அழுவான். அவங்க பண்ணது சரிதான்."

"சரிங்க. ஒரு தடவை சறுக்கிட்டீங்க. வேற இடம் பாப்போம். அடுத்த தடவை கேட்டுட்டாப் போச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த அம்மா பேசும்போது நம்பர் கேக்கணும்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நீ வந்து காட்டினப்பவும் புரிஞ்சுது. கேக்க முடியல. நாளைக்கு இதே மாதிரி ஒரு குரல் வந்தாலும் கேக்க மாட்டேன்" என்றார்.

இல்லை, கேட்பீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாதாரணமாக வாய் ஓயாதவள் நான். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், எனக்குத் தெரியாதா? கேட்க மாட்டார்.