பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் பிறந்தது. அக்காவும் அத்தானும் பிரிகிறார்கள். பிள்ளை இல்லை, பிரிக்க வேண்டியவை சாமான்கள்தான். எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார் வக்கீலம்மா. ஒருவர் எழுதினால் மற்றவருக்கு நம்பிக்கையில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்று அவர்களோடு இருக்கும் என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள்.

(முதலில், ‘மழை கொட்டிய ஒரு மாலையில் இரண்டு இதயங்கள்’ என்று தொடங்கி... மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2

அறை அறையாகப் போனோம்.

“மிக்ஸி?”

“அவளே வச்சுக்கட்டும். எனக்கு அரைக்கத் தெரியாது,” என்றார் அத்தான்.

“பன்னெண்டு வருஷமா என் உயிரை நல்லாத்தானே அரைச்சீங்க?”

அத்தான் சிரித்துவிட்டார். அக்காவும். இந்த இடத்தில் அவர்களைச் சேர்த்துவைக்க என் கை துறுதுறுத்தது. ஆனால் அக்கா அடுத்துச் சொன்னது இதுதான்:

“பதினாறு, கட்டில். எனக்கு வேண்டாம்.”

“எனக்கும்.”

4

மூன்றை விட்டது கைப்பிசகு அல்ல. பட்டியலிலும் பதினேழை அப்படித்தான் விட்டேன். பதினேழு, பீரோ. அதன் கீழ் இழுப்பறைக்குப் பின்னால் என் ஏழு நோட்டுகள் இருக்கின்றன. அவர்களுடைய ஒவ்வொரு சண்டையும், யார் முதலில் கதவை அறைந்து சாத்தினார் என்பதுவரை, அவற்றில் இருக்கிறது.

(எடுத்துவிடலாமே என்பீர்கள். உள்ளே நகை. ஒருவரையொருவர் நம்பாமல் பூட்டிச் சாவியை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள்.)

வக்கீலம்மா பென்சிலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

“பதினேழு எங்கேம்மா?”

அக்காவும் அத்தானும் என்னைப் பார்த்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு இருவருக்கும் ஒரே எண்ணம்: மற்றவர் என்னை வளைத்துவிட்டார்.

“யாருக்காகடி மறைச்சே?”

“சொல்லும்மா, நான் திட்ட மாட்டேன்,” என்றார் அத்தான். அதுதான் அதிகம் வலித்தது.

5

முடிவு ஒன்று: நான் வாய் திறக்கவில்லை. இருவரும் என்னை நம்புவதை விட்டுவிடுகிறார்கள்.

முடிவு இரண்டு: நோட்டுகளைப் படித்து, அழுது, சேர்ந்துவிடுகிறார்கள். (எழுதும்போதே கூச்சமாக இருந்தது.)

நடந்தது இவ்வளவுதான். வக்கீலம்மா பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். “விட்டதை நீயே எழுது.”

பட்டியலில் இரண்டே கட்டங்கள்: அக்கா, அத்தான். மூன்றாவது கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட.

நீங்கள் படிப்பது எட்டாவது நோட்டு. அவர்கள் இருவரையும் இப்போது உங்களுக்குத் தெரியும். மற்ற ஏழையும் யார் படித்தால், அதன் பிறகும் நான் அவர் வீட்டில் இருக்க முடியும்?

17. பீரோ, ஒன்று. யாருக்கு: